ஒரே வீட்டில் பழைய கணினியும் புதிய கணினியும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது அவற்றுள் ஏழு கடிதங்கள் ஒரே சிக்கலைப் பற்றியவையாக இருந்தன. ஏழும் காரைக்குடியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. செட்டிநாட்டு வீடுகளில் பத்து, இருபது ஆண்டுகளாக உழைக்கும் கணினி ஒன்று முகப்பிலோ பட்டாலையிலோ இருக்க, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் புதியது ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றில் உள்ள கோப்பை மற்றொன்றில் திறக்க முடியாமல் பலர் தவிக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 2004இல் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கணினி இன்னும் இயங்குகிறது. ஐயா காலத்துப் பர்மாக் கடை ஐந்தொகைகளையும், வீட்டுக் கல்யாணங்களின் மொய்ப்பண ஏடுகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வந்த மகன் விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்றைக் கொடுத்துச் சென்றான். அதில் பழைய கணினியின் பெயரே தெரியவில்லை. கடைக்காரர், எஸ்எம்பி 1 என்பதை ஆன் செய்தால் போதும் என்கிறார். மகனோ அதைத் தொடவே கூடாது என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: கடைக்காரர் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் தீர்வைப் பொறுத்தவரை தங்கள் மகன் பக்கமே நான் நிற்கிறேன்.

விண்டோஸ் கணினிகள் ஒன்றிலுள்ள கோப்புறையை மற்றொன்று திறப்பதற்கு எஸ்எம்பி என்னும் நெறிமுறையைக் கையாளுகின்றன. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்த அந்த நெறிமுறையின் முதல் வடிவம் ஒன்றே எக்ஸ்பிக்குத் தெரியும். எக்ஸ்பிக்குப் பின் வந்த விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் வடிவமும், 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது மூன்றாம் வடிவமும் வந்துவிட்டன. 2017 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் 1709ஆம் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் முதல் வடிவத்தைப் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. இன்றைய விண்டோஸ் 11 கணினியில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. நெட்வொர்க் பட்டியலில் பக்கத்துக் கணினிகளின் பெயர்களைக் காட்டும் பழைய ஏற்பாடும் அந்த முதல் வடிவத்தையே நம்பியிருந்தது. பழைய கணினியின் பெயர்கூடத் தங்களுக்குத் தெரியாததற்கு இதுவே காரணம்.

அதை விலக்கியதற்குத் தக்க காரணம் உண்டு. 2017 மே 12ஆம் நாள், கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ எடுத்துக்கொண்ட வழி, எஸ்எம்பியின் முதல் வடிவத்தில் இருந்த பிழைதான். அப்பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இலேயே முடிந்துவிட்டபடியால் அதற்குரிய பொதுத் திருத்தம் தாக்குதல் நடந்த பிறகே வந்தது. அந்தத் திருத்தத்தைத் தங்கள் கணினியில் யாராவது நிறுவியிருப்பார்களா என்பதை எண்ணிப் பாருங்கள். மாற்று ஏடே இல்லாத ஐந்தொகைகள் அந்தக் கணினியில் இருக்கின்றன.

தங்கள் கடிதத்தை இருமுறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: இரண்டு கணினிகளும் நாள்தோறும் பேசிக்கொள்ள வேண்டிய தேவை தங்களுக்கு இல்லை. ஏடுகள் ஒரு முறை பத்திரமாகப் புதிய இடத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். அதற்கு நெட்வொர்க்கே வேண்டாம். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் ஒன்றின் வழியாக மடிக்கணினியில் செருகிப் படியெடுப்பதே விரைவான வழி.

சென்ற ஆண்டு கோத்தமங்கலத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் இதை நானே செய்தேன். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றியபோது, கையகலச் சாம்பல் நிறப் பட்டைக் கேபிள் ஒன்று டிஸ்கில் செருகியிருந்தது. 40 ஊசிகள் கொண்ட அந்த வகைக்கு ஐடிஇ என்று பெயர், அதற்கேற்ற அடாப்டரைத்தான் வாங்க வேண்டும். மெல்லிய ஒற்றைக் கேபிளாக இருந்தால் அது சாட்டா. அடாப்டரில் செருகிய பிறகும் டிஸ்க் சுழலும் ஓசை மட்டும் கேட்டதே தவிர மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. கால் மணி நேரம் தேடிய பிறகு, டிஸ்கின் பின்புறத்தில் மின் இணைப்புக்கும் பட்டைக் கேபிளுக்கும் நடுவில், அரிசியளவே இருந்த ஜம்பர் என்னும் இணைப்புத் துண்டு 'ஸ்லேவ்' இடத்தில் நிற்பதைக் கவனித்தேன். இடுக்கியால் அதை 'மாஸ்டர்' இடத்துக்கு மாற்றியதும் திரையில் டிஸ்க் வந்துவிட்டது. அந்த ஜம்பர் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கழற்றுவதற்கு முன் எக்ஸ்பி இயங்கும் நிலையிலேயே ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்புகளின் பெயர்கள் பச்சை நிறத்தில் தெரிந்தால் அவை அந்தக் கணினியின் பயனருக்கு மட்டுமே திறக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றை அங்கேயே மறைநீக்கம் செய்துவிட்டுத்தான் டிஸ்கை எடுக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எந்தக் கணினியிலும் அவை திறக்க மாட்டா. கறுப்பு நிறத்திலுள்ள கோப்புறை அனுமதி இல்லை என்று மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. பழைய கணினியின் பயனரைப் புதிய கணினிக்குத் தெரியாது என்பதுதான் அதன் பொருள்; செக்யூரிட்டி பகுதியில் உரிமையாளராகத் தங்கள் பெயரை இட்டுக்கொண்டால் அது திறந்துவிடும். படியெடுத்த பின் இரு பக்கத்திலும் கோப்புறையின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மற்றொரு வெளிப்புற டிஸ்கில் இன்னொரு படியும் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள்.

டிஸ்கைக் கழற்ற மனம் ஒப்பவில்லை என்றால் பென் டிரைவில் பகுதி பகுதியாக எடுத்து வரலாம். பொறுமை ஒன்றே அதற்கு வேண்டும். அதுவும் இயலாமல் நெட்வொர்க் வழியேதான் எடுத்தாக வேண்டும் என்றால், மோடத்துக்கு வரும் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியின் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1இன் கீழ் உள்ள மூன்று பிரிவுகளில் 'கிளையண்ட்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள். 'சர்வர்' பிரிவைத் தொடக் கூடாது; கிளையண்ட், பழைய கணினியிடம் சென்று கேட்பதற்கு மட்டுமே உதவும், சர்வரோ தங்கள் மடிக்கணினியின் கதவையே பழைய பூட்டோடு வெளியே காட்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 ப்ரோ பதிப்பாக இருந்தால், ஒவ்வொரு தகவலுக்கும் மின்கையொப்பம் வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதால், இவ்வளவு செய்தும் எக்ஸ்பி இணையாமல் போகக்கூடும். அந்த நிலையில் மேலும் மேலும் பாதுகாப்பைத் தளர்த்திக்கொண்டே போகாமல் அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் நெட்வொர்க் ஷார்ட்கட் வேலை செய்வதில்லை. சில நாள்களில் தானாகவே சரியாகிறது. வைரஸாக இருக்குமோ? (புதுவயல் வாசகர்)

பதில்: வைரஸ் இல்லை. தங்கள் ஷார்ட்கட் கணினியின் பெயரைச் சொல்லாமல் 192.168.1.5 போன்ற எண்ணைச் சொல்லி அமைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் அந்தந்த நேரத்தில் கையில் உள்ள எண்ணைக் கொடுப்பதால், நேற்று 5 ஆக இருந்தது இன்று 8 ஆகிவிடுகிறது. என்றாவது பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும்போது எல்லாம் சரியாகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், கருவிகளுக்கு எண் வழங்கும் டிஎச்சிபி பகுதிக்குச் சென்று, கோப்புகள் உள்ள கணினிக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கி வைத்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

கேள்வி: கண்டாங்கிச் சேலைகளுக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கிறேன். கணக்கு விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் இருக்கிறது. சேலைப் படங்கள் புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் இருக்கின்றன. டெஸ்க்டாப்பிலிருந்து மடிக்கணினியின் கோப்புறையைத் திறக்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. மடிக்கணினியைத் திறக்கும் நான்கு இலக்க எண்ணையே கொடுக்கிறேன். திரும்பத் திரும்பத் தவறு என்கிறது. இதற்கும் எஸ்எம்பி 1 தான் வேண்டுமா? (காரைக்குடி செக்காலை வாசகி)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 7க்கு இரண்டாம் வடிவமும் தெரியும் என்பதால் அதற்கும் விண்டோஸ் 11க்கும் பொதுமொழி இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் பெட்டி திரையில் வருகிறது என்பதிலிருந்தே, இரு கணினிகளும் ஒன்றையொன்று கண்டு பேசத் தொடங்கிவிட்டன என்று அறியலாம். பழைய கணினி என்றதும் எஸ்எம்பி 1ஐ ஆன் செய்யச் சொல்லும் பழக்கம் பரவிவிட்டது வருத்தமளிக்கிறது. விண்டோஸ் 7 வைத்திருப்போருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தாங்கள் கொடுக்கும் நான்கு இலக்க எண் 'பின்' (PIN) எனப்படும். அது அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் அதை ஏற்காது, கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பயனர் பெயரின் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரியை இட வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்காக இருந்தால் விண்டோஸ் அதை நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. பெட்டியைக் காலியாக விட்டு எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இல்லை.

இந்தக் குழப்பம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட, மடிக்கணினியில் கோப்புப் பகிர்வுக்கென்றே தனிப் பயனர் ஒருவரை உருவாக்கிவிடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதனுள் அதர் யூசர்ஸ் என்று சென்று, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, 'சேலை' என்பது போன்ற எளிய பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்து, நல்ல கடவுச்சொல் ஒன்றை வையுங்கள். பிறகு படங்கள் உள்ள கோப்புறையில் வலப்பக்க அழுத்தம் கொடுத்து ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் ஷேரிங், செக்யூரிட்டி என்று இரண்டு பகுதிகள் தெரியும். இரண்டிலும் அந்தப் பயனருக்கு அனுமதி தர வேண்டும். ஷேரிங்கில் மட்டும் அனுமதி கொடுத்துவிட்டுச் செக்யூரிட்டியை மறப்பவர்களே பெரும்பாலோர். வெளிவாசலைத் திறந்துவிட்டு உள்ளறையைப் பூட்டி வைத்தது போல, கோப்புறை கண்ணில் படும், ஆனால் திறக்காது.

தாங்கள் இதுவரை தவறாகக் கொடுத்த விவரம் டெஸ்க்டாப்பின் நினைவில் தங்கியிருக்கலாம். கண்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து மடிக்கணினியின் பெயரில் உள்ள பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக முயலுங்கள். பெயர்ப் பெட்டியில் மடிக்கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு (\), பயனர் பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும். மடிக்கணினி தங்கள் வைஃபையைப் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தால் அதைப் 'பிரைவேட்' என மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் இல்லாத பகிர்வை ஆன் செய்யும்படி யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வீட்டு வைஃபையைக் கேட்டு வாங்கிய விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தங்கள் படங்கள் அப்போது திறந்து கிடக்கும்.

கேள்வி: எங்கள் வீடு தெருவிலிருந்து பின் தெரு வரை நீண்டது. முகப்பில் ஃபைபர் மோடம் இருக்கிறது. பின்கட்டுக்கு வைஃபை எட்டாததால் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைத்தோம். அன்றிலிருந்து பின்கட்டுக் கணினியால் முகப்புக் கணினியைத் திறக்க முடிகிறது. முகப்புக் கணினியால் பின்கட்டுக் கணினியைத் திறக்க முடியவில்லை. இணையம் இரண்டிலும் நன்றாக வருகிறது. (தேவகோட்டை வாசகர்)

பதில்: தங்கள் கடிதத்தில் உள்ள அந்த ஒருவழித்தன்மை சிக்கலை அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவ்வளவு கவனமாக எழுதியமைக்கு நன்றி.

இரு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். முகப்பில் 192.168.1.7 என்பது போலவும் பின்கட்டில் 192.168.0.4 என்பது போலவும் எண்கள் வரும் என எதிர்பார்க்கிறேன். முதல் மூன்று எண்களில் மூன்றாவது எண் வேறுபட்டால், தங்கள் வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க்குகள் இருக்கின்றன என்று பொருள். பின்கட்டு ரவுட்டரின் வான் (WAN) என்று குறித்த துளையில் கேபிளைச் செருகியிருக்கிறீர்கள். அத்துளையில் வருவதையெல்லாம் வெளியுலகம் என்றே அந்த ரவுட்டர் எடுத்துக்கொள்கிறது. உள்ளிருந்து வெளியே செல்லும் கேள்விகளை அது அனுப்பும். வெளியிலிருந்து தானாக உள்ளே வரும் கேள்விகளைத் தடுத்துவிடும். இணையம் இரண்டிலும் வருவதற்கும், கோப்பு ஒரு பக்கம் மட்டும் திறப்பதற்கும் காரணம் இந்த ஒன்றே.

பின்கட்டு ரவுட்டரில், தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் என்னும் நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வேலை அத்துடன் முடிந்தது. இல்லாவிட்டால், பின்கட்டுக் கணினியிலிருந்து அந்த ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முதலில் அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்பது போல, முகப்பு மோடத்தின் வரிசையில், வேறு எந்தக் கருவிக்கும் கொடுக்கப்படாத எண்ணாக மாற்றுங்கள். எண் மாறியதும் பக்கம் துண்டிக்கப்படும். புதிய எண்ணில் மீண்டும் நுழைந்து டிஎச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாக, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லேன் (LAN) துளைகளுள் ஒன்றில் செருகுங்கள். வரிசை மாறிவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு எண்களை வழங்கி, வீடு முழுவதும் இணையம் தடுமாறும்.

செட்டிநாட்டு வீட்டுக்காரர் என்பதால் கேபிளைப் பற்றியும் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். இந்த வீடுகளின் தடித்த செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் வைஃபை அலையைப் பெரிதும் உறிஞ்சிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைக் கடப்பதற்குள் தளர்ந்துபோகும், 2.4 சற்றுத் தொலைவு செல்லும். ஆகையால் கேபிள் இழுத்தது நல்ல முடிவு. காப்பர் ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் முகப்பிலிருந்து அடுப்படி வரை செல்வதற்குப் பெரும்பாலான வீடுகளில் போதுமானது. ஆனால் அதற்காகப் பளபளப்பான பழைய சுண்ணாம்புப் பூச்சிலோ தேக்கு நிலையிலோ துளை போடாதீர்கள். அந்தப் பூச்சைத் திரும்பச் செய்து கொடுக்கும் கைகள் இன்று அரிது. மின்கம்பிகளுக்கென்று ஏற்கெனவே உள்ள துளைகளுக்கு அருகில், மின்கம்பியோடு ஒட்டாமல், வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் மேல்விளிம்பை ஒட்டிக் கொண்டுசெல்லலாம். வளவில் வானம் பார்த்த இடத்தைக் கடக்க நேர்ந்தால் வெயிலும் மழையும் தாங்கும் வெளிப்புறக் கேபிளையே பயன்படுத்துங்கள்.

ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் கணினிகள் எதையும் இணைக்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடியே அது அமைக்கப்படுகிறது. மிகப் பழைய மடிக்கணினி வைஃபையிலேயே சேராவிட்டால், ரவுட்டர் டபிள்யூபிஏ 3 என்னும் புதிய வைஃபைப் பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்குகிறதா என்று பார்த்து, 2உம் 3உம் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகி வீட்டார் எல்லோரும் படங்களைப் பார்த்து வந்தோம். மடிக்கணினியில் பெரிய அப்டேட் வந்த மறுநாளிலிருந்து அதில் மட்டும் திறக்க மறுக்கிறது. பழைய கணினியில் இன்றும் திறக்கிறது. (பள்ளத்தூர் வாசகி)

பதில்: இரண்டு வேறு காரணங்கள் இருக்கக்கூடும். எது என்பதைத் திரையில் வரும் ஆங்கிலச் செய்தியே சொல்லும் என்பதால் அதை மூடிவிடாமல் முழுவதும் படியுங்கள். 'கெஸ்ட்' என்ற சொல் அதில் இருந்தால், தங்கள் ரவுட்டர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்காமல் எல்லோரையும் விருந்தினராக உள்ளே விடுகிறது, புதிய விண்டோஸ் அத்தகைய இணைப்பை ஏற்க மறுக்கிறது என்று பொருள். எஸ்எம்பி 1 என்ற சொல் இருந்தால், ரவுட்டருக்குப் பழைய வடிவம் மட்டுமே தெரியும் என்று பொருள்.

முதல் காரணம் என்றால் ரவுட்டரின் யுஎஸ்பி பகிர்வுப் பக்கத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து, விருந்தினர் நுழைவை நிறுத்திவிடுங்கள். விண்டோஸில் விருந்தினர் நுழைவை மீண்டும் திறக்கும் ரெஜிஸ்ட்ரி மாற்றம் ஒன்று கையிலிருந்து கையாக உலவுகிறது. தாங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத இணைப்பில் மின்கையொப்பம் இடவும் வழி இல்லை. எதிரே இருப்பது தங்கள் ரவுட்டர்தானா, இடையில் யாரும் கோப்பை மாற்றினார்களா என்பதை மடிக்கணினியால் அறியவே முடியாது.

இரண்டாம் காரணம் என்றால் ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். லினக்ஸ் சார்ந்த கருவிகளில் கோப்புப் பகிர்வைச் செய்யும் சாம்பா என்னும் மென்பொருள் 2019இல் வந்த 4.11ஆம் பதிப்பிலிருந்து பழைய வடிவத்தைத் தானே நிறுத்தி வைத்திருக்கிறது; அதன் புதிய பதிப்பு ஃபர்ம்வேரில் இருந்தால் சிக்கல் தீரும். ரவுட்டர் தயாரித்தவர்கள் புதிதாக எதுவும் வெளியிடாத நிலையில், டிஸ்கை வீட்டில் உள்ள புதிய கணினி ஒன்றில் செருகி அங்கிருந்து பகிர்ந்துகொள்வதே நேரிய வழி.

கேள்வி: பழைய எக்ஸ்பி கணினியிலிருந்து அப்பச்சி எழுதி வைத்த ஊர் வரலாற்றுக் குறிப்புகளைப் பென் டிரைவில் புதியதற்குக் கொண்டுவந்தேன். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. கோப்பு வரும் வழியில் கெட்டுவிட்டதா? (கண்டனூர் வாசகர்)

பதில்: ஓர் எழுத்துகூடக் கெடவில்லை, மனம் அமைதி கொள்ளுங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழை எழுதியவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களையே நம்பியிருந்தார்கள். பாமினி அவற்றுள் பரவலானது. அப்பச்சியின் கோப்பில் உள்ளபடியே அந்த ஆங்கிலக் குறிகள்தாம் இருக்கின்றன. அவற்றைத் தமிழாகக் காட்டிய எழுத்துரு பழைய கணினியில் இருக்கிறது, புதியதில் இல்லை, அவ்வளவே.

பழைய கணினியில் அக்கோப்பைத் திறந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, விண்டோஸ் கோப்புறையினுள் ஃபான்ட்ஸ் என்னும் இடத்திலிருந்து அந்த எழுத்துருக் கோப்பைப் படியெடுத்து வந்து புதியதில் நிறுவுங்கள். கோப்பு அந்த நொடியே தமிழில் தெரியும். அதோடு நின்றுவிடாமல், குறியாக்க மாற்றி மென்பொருள் ஒன்றின் வழியாக அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தேடுவதற்கும் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் படிப்பதற்கும் அதுவே உதவும். மாற்றிய பின் அசலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இரு புறமும் குறி பெறும் 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளிலும் கிரந்த எழுத்துகளிலும் பிழை நேரும் வாய்ப்பு மிகுதி. ஊர் வரலாறு என்கிறீர்கள். கோயில் பெயரும் கண்மாய்ப் பெயரும் ஓரெழுத்து மாறினாலும் பொருள் மாறிவிடும். அசல் கோப்பையும் எழுத்துருவையும் அழிக்காமல் சேர்த்தே வைத்திருங்கள்.

கேள்வி: தங்கை கல்யாண வீடியோவைப் புதிய கணினியிலிருந்து பழைய கணினியில் செருகியிருக்கும் வெளிப்புற டிஸ்குக்கு அனுப்பினால் இடம் போதாது என்கிறது. 40 ஜிபி காலியாக இருக்கிறது. மற்ற கோப்புகள் எல்லாம் போகின்றன. (அரியக்குடி வாசகர்)

பதில்: அந்த வீடியோ 4 ஜிபிக்கு மேற்பட்டதாக இருக்கும். டிஸ்க் ஃபேட் 32 என்னும் பழைய கோப்பு முறையில் அமைக்கப்பட்டிருந்தால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை அதில் வைக்க முடியாது. பழைய விண்டோஸ் அதை இடக் குறைவாகத் தவறாக அறிவிக்கிறது. டிஸ்கின் ப்ராபர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ற வரியைப் பாருங்கள். ஃபேட் 32 என்று இருந்தால், உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 11க்கும் அது பொதுவாகப் புரியும். அந்த டிஸ்கைத் தொலைக்காட்சியிலும் செருகிப் பார்ப்பவராக இருந்தால், தொலைக்காட்சி என்டிஎஃப்எஸ்ஸை ஏற்கிறதா என்று சிறிய பென் டிரைவ் ஒன்றில் முதலில் சோதித்துவிடுங்கள்.